காற்றே இல்லாத காலையில் வந்த மருந்து

சென்ற ஆண்டு தைப்பூசத்தன்று நாங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு பினாங்குத் தீவிலுள்ள தண்ணீர்மலைக்குப் போயிருந்தோம். முந்திய நாள் ரதம் புறப்படுவதிலிருந்து மறுநாள் காவடிகள் மலையேறுவது வரை தீவில் சித்தி வீட்டிலேயே தங்கிவிட்டு, பெருநிலத்தில் நிபோங் திபாலுக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது இரவு 9 மணி ஆகியிருந்தது. காரிலிருந்து இறங்கிய அம்மா கேட்டைத் திறப்பதற்கு முன்பே நின்று மூக்கைச் சுளித்து, “யாரோ மருந்தடிச்சிருக்காங்க” என்றார். பினாயிலை நினைவூட்டும் மெல்லிய வாடை ஒன்று, அவர் சொன்ன பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. பக்கத்துச் செம்பனை நிலத்தில் புல்லுக்கு அடித்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். பக்கத்து நிலத்தில் அடித்த களைக்கொல்லி நம் பழமரங்களில் பட்டால் என்ன ஆகும் என்பதையும், அந்த அலட்சியத்துக்கு நான் கொடுத்த விலையையும் பற்றித்தான் இந்தப் பதிவு.

எங்களுக்கு இருப்பது அரை ஏக்கர். அப்பா வாங்கிப்போட்டது. பப்பாளி 11, ரம்புத்தான் 3, ஒரு மாமரம், ஒரு ஜம்பு, வீட்டுக்குப் பின்னால் ஒரு டுரியான், வேலியோரம் முருங்கையும் எலுமிச்சையும், அடுப்படித் தண்ணீர் போகிற பக்கத்தில் வாழை. மேற்கே ஒரு கால்வாய். அதற்கு அந்தப் பக்கம் 6 ஏக்கர் செம்பனை. அந்த நிலம் எங்கள் நிலத்தைவிட இரண்டு அடி உயரம். மழைக்காலத்தில் அங்கிருந்து தண்ணீர் எங்கள் பக்கம் வடிவதை ஒரு தொல்லையாகப் பார்த்திருக்கிறோமே தவிர, வேறு எதுவும் அதே சரிவில் இறங்கி வரக்கூடும் என்று நாங்கள் நினைத்ததில்லை.

இரண்டு நாள் கழித்து, வேலியை ஒட்டிய பப்பாளிகளின் இலைக்காம்புகள் தொங்கத் தொடங்கின. வாடித் தொங்கும் காம்பு தளர்ந்திருக்கும். இவையோ விறைப்பாகவே இருந்துகொண்டு, யாரோ பிடித்துத் திருகிவிட்டாற்போல முறுக்கிக்கொண்டு கீழே வளைந்திருந்தன. தை மாசி மாதங்களில் இந்தப் பக்கம் மழை குறைவு என்பதால் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, வேலை முடிந்து பாயான் லெப்பாசிலிருந்து இரண்டாம் பாலத்தைத் தாண்டி இருட்டிய பிறகு வீடு சேரும் நான், டார்ச் வெளிச்சத்தில் தினமும் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாவது வாரத்தில் புதிய இலைகள் வந்தன. பப்பாளி இலையை நாம் எல்லோரும் அறிவோம், விரித்த கை போல இருக்கும். வந்த இலைகளில் கை இல்லை, விரல் மட்டும் இருந்தது. இலைப்பரப்பு சுருங்கி, நரம்புகள் நெருங்கி இணையாக ஓடி, ஒவ்வொரு மடலும் சப்பாத்துக் கயிறு போல ஒடுங்கித் தொங்கியது.

படம் எடுத்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அரை மணி நேரத்துக்குள் பலரும் ஒரே குரலில் வைரஸ் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பப்பாளியில் வளையப்புள்ளி வைரஸ் தாக்கினாலும் இலை இதே மாதிரி கயிறாகும்; கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் கொழுந்தை உறிஞ்சினாலும் ஏறக்குறைய இப்படித்தான் ஆகும். வைரஸ் என்றால் மருந்து கிடையாது, மற்ற மரங்களுக்குப் பரவுவதற்குள் வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். நான் இரண்டு மரங்களை வெட்டினேன். இரண்டிலும் காய் இருந்தது. மூன்றாவதில் கத்தியை வைத்தபோது அம்மா வந்து கையைப் பிடித்தார்.

அம்மா 19 வருடம் தோட்டத்தில் மருந்தடித்தவர். முதலில் பால்மரக் காட்டில், பிறகு அதே தோட்டம் செம்பனைக்கு மாறியபோது அதில். முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு ஒரு நாளைக்கு எத்தனை வட்டம் அடித்தோம் என்று மண்டோர் என்கிற மேற்பார்வையாளரிடம் கணக்குக் கொடுத்த பெண்களில் ஒருவர். படிப்பு மூன்றாம் வகுப்பு வரைதான். அன்று அவர் எனக்கு நடத்திய பாடத்தை எந்த வேளாண் அதிகாரியும் அதைவிடச் சுருக்கமாக நடத்தியிருக்க முடியாது. என்னை இழுத்துக்கொண்டுபோய், பாலிபேக்கில் வைத்திருந்த தக்காளிச் செடியைக் காட்டினார். அதன் தண்டு கொக்கிபோல வளைந்து, இலைகள் பெரணிக் கொழுந்து மாதிரி சுருண்டிருந்தன. முருங்கையைக் காட்டினார், நுனிகள் தொங்கியிருந்தன. பயற்றங்கொடியின் இலைகள் கிண்ணம்போலக் குவிந்திருந்தன. பிறகு வாழையையும், அதன் பக்கத்தில் செழித்து நின்ற செராய் என்கிற எலுமிச்சைப்புல் புதரையும் காட்டிக் கேட்டார்: “நோவா இருந்தா பப்பாளிக்கு வந்தது தக்காளிக்கும் முருங்கைக்கும் ஒரே நேரத்துல வருமாய்யா? அகல இலை எல்லாம் முறுக்கிக்கிட்டிருக்கு, செராயும் வாழையும் ஒன்னும் ஆகாத மாதிரி நிக்குது பாரு.”

வைரஸ் தனக்கென்று ஒரு குடும்பத்தை வைத்திருக்கும். ஒரு மரம், அதிலிருந்து பூச்சி கொண்டுபோய்ச் சேர்த்த இன்னொரு மரம் என்று தோட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பரவி, நாளுக்கு நாள் கூடும். காற்றில் வந்த களைக்கொல்லி உறவுமுறை பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடும், வந்த பக்கத்தில் கடுமையாகவும் போகப்போக லேசாகவும் இருக்கும், புதிதாகக் கூடுவதில்லை. நான் அதற்குப் பிறகுதான் ஒரு தாளை எடுத்து மரங்களின் இடத்தைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் பாதிப்பின் அளவை எழுதினேன். வேலியோர வரிசை முழுதும் கடுமை. இரண்டாவது வரிசை பாதி. மூன்றாவதில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இந்தப் படத்தை மரத்தில் கத்தி வைப்பதற்கு முன்பே வரைந்திருந்தால் இரண்டு மரங்கள் மிஞ்சியிருக்கும்.

செராயும் வாழையும் தப்பியதுதான் மருந்தின் பெயரைச் சொல்லிக்கொடுத்தது. புல்லினத்தையும் அதைச் சார்ந்தவற்றையும் பெரும்பாலும் விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளை மட்டும் முறுக்கும் களைக்கொல்லிகளில் பழையது 2,4-டி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கண்டறியப்பட்டு 1940களில் விற்பனைக்கு வந்தது. பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் வடக்குப் பக்கத்து நெல்வயல்களில் வேலை செய்தவர்களுக்கு இது பழக்கமான பெயர். ஒரு வாரம் கழித்துக் கால்வாயில் வீசியிருந்த வெறும் போத்தலையும் கண்டெடுத்தேன். லேபிளில் அதே பெயர், அமைன் உப்பு வகை. பக்கத்து நிலத்தில் செம்பனையின் அடியில் மிக்கானியா கொடி ஏறி மூடியிருந்ததால் அதை ஒழிக்க இதைக் கலந்து அடித்திருக்கிறார்கள். செம்பனையும் வாழையைப்போல ஒருவித்திலைத் தாவரம் என்பதால், அவர்கள் மரத்துக்கு அவர்கள் பார்வையில் ஆபத்தில்லை.

இந்த மருந்து செடியை நஞ்சாகக் கொல்வதில்லை என்று சொல்லலாம். வளரச் சொல்லிக் கொல்கிறது. செடி தன் வளர்ச்சியை நடத்த ஆக்சின் என்கிற சுரப்பைத் துளித்துளியாகத் தயாரித்து, வேலை முடிந்ததும் தானே அழித்துவிடும். 2,4-டி ஆக்சின் மாதிரியே வேடமிட்டு வரும், ஆனால் அகன்ற இலைச் செடியால் அதை எளிதில் அழிக்க முடியாது. எனவே நிறுத்தச் சொல்ல ஆளில்லாத கட்டளைபோல அது உள்ளே நின்றுகொண்டு, காம்பின் ஒரு பக்கத்துச் செல்களை மட்டும் நீட்டி முறுக்குகிறது, இளம் இலையின் நரம்புகளை வளரவிட்டு அவற்றுக்கு இடைப்பட்ட சதையை வளரவிடாமல் தடுக்கிறது, அளவு கூடினால் உணவு கொண்டுசெல்லும் குழாய்களையே நசுக்கிவிடுகிறது. ஆரஞ்சுத் தோட்டங்களில் பழம் முற்றுவதற்குள் உதிராமல் இருக்க இதே மருந்தை மிகமிகச் சிறிய அளவில் வேண்டுமென்றே தெளிப்பதுண்டு என்று படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. பப்பாளிக்கோ, தக்காளிக்கோ, திராட்சைக்கோ அந்தச் சலுகை கிடையாது. களைக்கு அடிக்கிற அளவில் மிகச் சிறு பங்கு பட்டாலே அவை உருமாறும்.

எல்லாக் களைக்கொல்லியும் இப்படி முறுக்குவதில்லை. அம்மா தோட்டத்தில் அடித்ததில் பெரும்பகுதி பாராகுவாட். அது பட்ட இடத்தை மட்டும் எரிக்கும். வெயில் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடும். காற்றில் வந்த துளி விழுந்தால் இலையில் வட்டவட்டமாகச் சுட்ட புள்ளி தெரியும், நோய்ப்புள்ளிபோல விரியாது. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பழமரத்துக்கு அது உள்ளே ஏறுவதில்லை, அடுத்த கொழுந்து சுத்தமாக வரும். மனிதருக்குத்தான் அது எமன். பம்பு ஒழுகி நகம் வெளுத்துக் கழன்ற கதையை அம்மா இப்போதும் விரலை நீட்டிக் காட்டித்தான் சொல்வார். மலேசியாவில் 2002இல் தடை அறிவித்து, 2006இல் அதைத் தளர்த்தி, கடைசியாக 2020 ஜனவரி 1 முதல் முழுமையாகத் தடை செய்தார்கள். அம்மா வேலையை விட்டு நின்று பல ஆண்டுகள் கழித்து வந்த தடை.

கிளைபோசேட் வேறு சுபாவம். அதைப் பற்றி எழுத எனக்கு நியாயமான தகுதி உண்டு, ஏனென்றால் அந்தத் தவறைச் செய்தவன் நானேதான். சில ஆண்டுகளுக்கு முன் எலுமிச்சையைச் சுற்றிப் புல் மண்டியிருந்தபோது நானே பம்பைத் தூக்கி அடித்தேன். மரத்தின் மேல் படவில்லை என்றுதான் நம்பினேன். அடிமரத்திலிருந்து கிளம்பியிருந்த இரண்டு பச்சைத் துளிர்களின் மேல் பட்டதை நான் கணக்கில் எடுக்கவில்லை. கிளைபோசேட் பச்சையான எந்தப் பாகத்தின் வழியாகவும் உள்ளே போகும். இலையிலிருந்தும் போகும், இன்னும் முற்றாத பச்சைப் பட்டையிலிருந்தும் போகும். உள்ளே போனபின் சர்க்கரை போகிற வழியிலேயே பயணம் செய்து, எங்கே புதிய வளர்ச்சி நடக்கிறதோ அங்கே போய்ச் சேர்ந்து, அந்த இடத்தில் புரதம் கட்டத் தேவையான சில அமினோ அமிலங்களைச் செடி தயாரிக்க முடியாமல் தடுக்கும். முதல் மாதம் எதுவும் தெரியவில்லை. அடுத்த துளிர்ப்பில் நுனிகளில் ஒரே இடத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு ஒல்லிக் குச்சிகள் துடைப்பம்போலக் கிளம்பின. இலைகள் வேப்பிலை அளவுக்குச் சிறுத்து வெளிறியிருந்தன. ஏதோ சத்துக் குறைவு என்று நான் துத்தநாக உரம் வாங்கி வைத்தேன். மருந்தடித்ததையும் இலை சிறுத்ததையும் இணைத்துப் பார்க்கவே எனக்கு ஓர் ஆண்டு ஆனது. மரத்தில் சேமித்திருக்கும் மருந்து அடுத்தடுத்த துளிர்ப்பிலும் தலைகாட்டக்கூடும் என்பதால், பழமரக்காரர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான் என்பது என் எண்ணம். மண்ணில் விழுந்த கிளைபோசேட் மண் துகளோடு ஒட்டிக்கொண்டு வேருக்குப் பெரும்பாலும் எட்டாது. எனவே மரத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அடியிலிருக்கும் துளிரை முதலில் கிள்ளிவிட்டு, இளம் மரமானால் தண்டைச் சுற்றி எதையாவது கட்டிவிட்டுத்தான் பம்பைத் தொட வேண்டும்.

இதெல்லாம் புரிந்த பிறகு பக்கத்து நிலத்துக்காரரைப் பார்க்கப் போனேன். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், நல்ல மனிதர், சின்ன வயதிலிருந்து நான் அண்ணே என்று கூப்பிடுபவர். படங்களைப் பார்த்து உண்மையிலேயே சங்கடப்பட்டார். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் மட்டுமல்ல, மருந்தடித்த குத்தகைக்காரரும் உறுதியாக நின்றார்கள். “அன்னைக்குக் காத்தே இல்லப்பா. ஒரு ஓலை அசையல. காலையில 7 மணிக்கெல்லாம் ஆரம்பிச்சு 9 மணிக்கு முடிச்சிட்டாங்க. காத்து இல்லாம மருந்து எப்படி உங்க பக்கம் வரும்?”

நான் பதில் சொல்ல முடியாமல் திரும்பிவிட்டேன். அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. விடை கிடைக்க ஒரு மாதம் ஆனது. கிடைத்தபோது, அவர் தன் பக்கத்துக்குச் சாட்சியாகச் சொன்ன அந்தக் காற்றில்லாத காலையே காரணம் என்று தெரிந்தது.

பகலில் வெயில் தரையைச் சூடாக்கும், தரையை ஒட்டிய காற்று சூடாகி மேலே எழும், அதோடு புகையும் தூசியும் மேலே போய்க் கலைந்துவிடும். மேகமில்லாத இரவில் இது தலைகீழாகிறது. தரை விரைவாகக் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப்போய்க் கீழே தங்க, அதன் மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோட்டாற்போல நிற்கும். மூடிக்குக் கீழே இருப்பது மேலே போக முடியாது. விடியற்காலையில் குப்பை எரிக்கும் புகை ஓர் ஆள் உயரம் ஏறி, அங்கேயே படுத்து, வெள்ளைத் துணியை விரித்தாற்போலக் கிடைமட்டமாக நகர்வதைக் கிராமத்தில் வளர்ந்த எல்லோரும் பார்த்திருப்போம். அந்த நேரத்தில் அடிக்கும் மருந்தின் நுண்துளிகளும் அதையேதான் செய்கின்றன. அவை கலைவதும் இல்லை, உடனே விழுவதும் இல்லை. குளிர்ந்த காற்று தண்ணீரைப்போலவே பள்ளத்தை நோக்கி வழியும். எங்கள் நிலம் இரண்டு அடி தாழ்வு. பினாங்கில் சூரியன் உதிப்பதே ஏறக்குறைய 7 மணியிலிருந்து 7.30க்குள், ஆக அவர்கள் தொடங்கிய நேரம், மூடி இன்னும் திறக்காத நேரம்.

துளியின் அளவும் இதில் சேர்ந்துகொள்கிறது. 400 மைக்ரான், அதாவது 0.4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள துளி 3 மீட்டர் உயரத்திலிருந்து ஏறக்குறைய 2 வினாடியில் தரையைத் தொட்டுவிடும். தலைமயிரைவிடச் சற்றே தடித்த 100 மைக்ரான் துளிக்கு அதே உயரத்திலிருந்து 11 வினாடி வேண்டும். 20 மைக்ரான் என்றால் 4 நிமிடம். பம்பை வேகவேகமாக அடித்து அழுத்தத்தைக் கூட்டினால் துளி பாதியாகவும் காலாகவும் உடையும். ஒரு 400 மைக்ரான் துளி உடைந்தால் 64 எண்ணிக்கையில் 100 மைக்ரான் துளிகள் பிறக்கும். பனிபோல மெல்லிசாக விழுந்தால்தான் இலை முழுக்க நனையும் என்று அடிப்பவர்கள் நம்புகிறார்கள், அம்மாவும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பியதாகச் சொன்னார். அந்தப் பனியில் ஒரு பகுதி தரைக்கு வருவதே இல்லை. போதாக்குறைக்கு அன்றைக்கு அவர்கள் பயன்படுத்தியது முதுகுப் பம்பு அல்ல, மோட்டார் வைத்த புகைப் பம்பு. கொடி மரத்தில் ஏறியிருந்ததால் நோசலை மேலே தூக்கி வேறு அடித்திருக்கிறார்கள்.

முதலில் நான் சந்தேகப்பட்டது ஆவியை. எஸ்டர் வகை 2,4-டி அடித்து முடித்த பிறகும் மதிய வெயிலில் ஆவியாகி எழுந்து நகரும். போத்தலில் இருந்தது அமைன் வகை, அது அவ்வளவாக ஆவியாகாது. எனவே வந்தது துளியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். மதியத்தில் அடித்திருந்தாலும் எங்களுக்கு நல்லதாக இருந்திருக்காது. இங்கே 11 மணிக்கு மேல் கடற்காற்று மேற்கிலிருந்து ஏறத் தொடங்கும், அது நேராக எங்கள் பக்கம்தான் வீசும்.

இப்படியெல்லாம் காரணத்தைச் சொல்ல முடிந்தாலும் சட்டப்படி நிரூபிப்பது வேறு விஷயம். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பில் பேடர் என்ற பீச் பழ விவசாயி, பக்கத்து வயல்களில் அடித்த டிகாம்பா என்ற களைக்கொல்லி காற்றில் வந்து தன் மரங்களை அழித்ததாக மொன்சாந்தோ, பிஏஎஸ்எஃப் ஆகிய நிறுவனங்களின் மேல் வழக்குத் தொடர்ந்தார். 2020இல் ஜூரி 26.5 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. அதில் இழப்பீடு 1.5 கோடி, மீதி தண்டனைத் தொகை. அந்தத் தண்டனைத் தொகையை நீதிபதி அதே ஆண்டு 6 கோடியாகக் குறைத்தார்; 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இழப்பீட்டை நிலைநிறுத்திவிட்டுத் தண்டனைத் தொகையை மட்டும் மறுபடி விசாரிக்கச் சொன்னது. வக்கீல்களையும் நிபுணர்களையும் வைத்து நடத்திய வழக்கிலேயே இத்தனை இழுபறி. 11 பப்பாளிக்கு நான் எங்கே போவது? இலை உருமாறி நம் கண்ணில் படுவதற்குள் இலைக்குள் இருக்கும் மருந்து குறைந்துகொண்டே போகும் என்பதால், சந்தேகம் வந்த அன்றே இலையைப் பறித்து உறைபெட்டியில் வைப்பதும், தேதியோடு படம் எடுப்பதும், பல இனச் செடிகளை ஒரே படத்தில் காட்டுவதும்தான் கைக்கு எட்டிய சாட்சி. வாடை வந்த இரவே தண்ணீர்க் குழாயைத் திருப்பி மரங்களைக் கழுவியிருக்கலாமே என்று அம்மா கேட்டார். காலையில் பட்டதை இரவில் கழுவிப் பெரிய பலன் இருந்திருக்காது; பட்ட சில மணி நேரத்துக்குள் கழுவினால் பலன் உண்டு. வீட்டில் ஆள் இருந்திருந்தால் செய்திருக்கலாம்.

இதை எழுதும்போதே பாலிக் புலாவ்விலிருக்கும் மாமா மகனின் கதையையும் சொல்ல வேண்டும். அவன் குன்றுச் சரிவில் ஒட்டு டுரியான் கன்றுகள் 30 வைத்திருக்கிறான், எல்லாம் அங் ஹே ரகம். அவனைச் சுற்றி யாரும் மருந்தே அடிக்கவில்லை, ஆனாலும் கன்றுகளின் கொழுந்து முறுக்கிக்கொண்டது. கடைசியில் குற்றவாளி அவனுடைய பம்பே. மூன்று மாதத்துக்கு முன் கொடிக்கு 2,4-டி அடித்துவிட்டு, இரண்டு தடவை தண்ணீரில் அலசி வைத்த அதே பம்பில் இலைவழி உரத்தைக் கலந்து தன் கையாலேயே எல்லாக் கன்றுக்கும் தெளித்திருக்கிறான். இந்த மருந்து ரப்பர்க் குழாயிலும் வளையத்திலும் ஊறிக்கிடக்கும். அம்மோனியா கலந்த தண்ணீரை நிரப்பி ஓர் இரவு ஊறவிட்டு அலச வேண்டும், அப்படியும் மனம் ஆறாது. களைக்கு ஒரு பம்பு, மற்றதுக்கு ஒரு பம்பு என்று பிரித்து, களைப் பம்பில் சிவப்புச் சாயம் பூசி வைப்பதுதான் நிம்மதி.

எங்கள் மரங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மிஞ்சிய 9 பப்பாளியில் வேலியோரத்தில் இருந்த 2 மரங்கள் குருத்தே கருகிப் போய்விட்டன. மற்ற 7 மரங்களிலும் இரண்டரை மாதம் கழித்து விரல்கள் மெல்லமெல்ல அகன்று கையாயின. இன்றும் தண்டைப் பார்த்தால் அந்த இரண்டு மாத வளர்ச்சி மட்டும் இடுங்கி ஒரு கச்சை கட்டினாற்போலத் தெரியும். அந்தக் காலத்தில் பிடித்த காய்கள் கோணலும் புடைப்புமாக வந்தன, பாதி உதிர்ந்தன, மீதியை நாங்களே பறித்துப் புதைத்தோம். பப்பாளிக்கு அடிப்பதற்கென்று அனுமதிக்காத மருந்து பட்ட பழத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க அம்மா சம்மதிக்கவில்லை, எனக்கும் மனம் வரவில்லை. ரம்புத்தானில் கால்வாய்ப் பக்கத்துக் கிளைகளின் பூ உதிர்ந்து, அந்த ஆண்டு மரம் பாதி முகத்தில் மட்டும் காய்த்தது. மாமரமும் டுரியானும் தப்பின, அந்த நேரத்தில் அவற்றில் கொழுந்து இல்லை, முற்றிய இலைகளின் மெழுகுப் பூச்சைத் தாண்டி மருந்து அவ்வளவாக இறங்கவில்லை. இதே மருந்து ஒரு மாதம் தள்ளி, டுரியான் துளிர்க்கும் நேரத்தில் வந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கவே விரும்பவில்லை. வைத்தியம் என்று நாங்கள் பெரிதாக எதுவும் செய்யவில்லை. தண்ணீர் விட்டோம், அவசரப்பட்டு உரம் போடவில்லை, எது பிழைக்கும் என்று தெரியும்வரை கிளையைக் கழிக்கவில்லை.

குத்தகைக்காரர்கள் ஏன் இத்தனை வலுவான கலவைக்குப் போகிறார்கள் என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். கிளைபோசேட் ஒன்றையே ஆண்டுக்கணக்கில் அடித்ததன் பலனாக, ரும்புட் சம்பாவ் என்று மலாயில் சொல்லப்படும் புல் 1997இலேயே தெலுக் இந்தான் பக்கத்தில் அதற்கு அசையாமல் நிற்கக் கற்றுக்கொண்டது. கேழ்வரகின் காட்டு உறவு அது, பிடிவாதத்துக்குக் கேட்க வேண்டுமா! ஒன்றுக்கு மசியாத களைக்கு இன்னொன்றைக் கலப்பது, அதற்கும் மசியாவிட்டால் மூன்றாவதைக் கலப்பது என்று போவதில், பக்கத்து நிலத்துக்கு வந்துசேரும் மருந்தின் வகையும் கூடுகிறது. ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி பேசிய ஆட்கள் வெயில் ஏறுவதற்குள் முடிக்கத்தான் பார்ப்பார்கள்; காலை 7 மணி அவர்களுக்கு நல்ல நேரம்.

அண்ணனிடம் மறுபடியும் போனேன். இந்தத் தடவை இழப்பைப் பற்றிப் பேசவில்லை, நேரத்தைப் பற்றிப் பேசினேன். கால்வாயை ஒட்டிய இரண்டு வரிசைக்கு மருந்தே வேண்டாம், இயந்திரத்தால் வெட்டிவிடலாம், அதற்கான கூலியில் பாதியை நான் கொடுக்கிறேன்; மற்ற இடத்தில் புகைப் பம்பு வேண்டாம், துளி பெரிதாக விழும் நோசலைக் குறைந்த அழுத்தத்தில் முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்காமல் அடிக்கட்டும்; அடிப்பதற்கு முதல் நாள் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். கடைசி நிபந்தனைதான் அவருக்குப் புதிராக இருந்தது: மூடி திறந்த பிறகும் கடற்காற்று எழுவதற்கு முன்பும், அதாவது ஏறக்குறைய 9 மணியிலிருந்து 11 மணிக்குள், எங்கள் பக்கமிருந்து அவர் பக்கம் லேசான காற்று இருக்கும்போது மட்டும் அடிக்க வேண்டும். “காத்து இருந்தாத்தான் அடிக்கணும்கிறியா?” என்று அவர் இரண்டு தடவை கேட்டார். வேலியோரம் நான் ஒரு வரிசை சவுக்கு வைத்திருக்கிறேன். அதன் ஊசி இலைகள் நுண்துளியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். சுவர் எழுப்பினால் காற்று அதன் தலைக்கு மேல் தாவி இந்தப் பக்கம் இறங்கிவிடும். சவுக்கு வளர இன்னும் இரண்டு ஆண்டு பிடிக்கும்.

போன மாதம் அண்ணனிடமிருந்து தகவல் வந்தது, மறுநாள் சனிக்கிழமை அடிக்கிறார்கள். நான் எழுந்து வெளியே வருவதற்குள் அம்மா கால்வாயோரத்தில் நின்றிருந்தார். கையில் மூன்று ஊதுபத்தி. புகை அவர் இடுப்புக்கு மேல் ஏறவில்லை. ஒரு நூலைப் பிடித்து இழுத்தாற்போலத் தாழ்ந்து, பப்பாளிகளை நோக்கி வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் இரண்டு இந்தோனேசியப் பையன்கள் பம்பை முதுகில் ஏற்றிக்கொண்டு தயாராக நின்றார்கள். அம்மா ஊதுபத்தியைத் தூக்கிக் காட்டி, “துங்கு டூலு, டேக்” (கொஞ்சம் பொறு, தம்பி) என்று சத்தம் போட்டுவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, அவர்களுக்கும் சேர்த்துக் கோப்பி கலக்கச் சொன்னார். 9 மணி தாண்டியபின் இன்னும் மூன்று பத்தி ஏற்றினார். புகை நேராக மேலே போய், தென்னை உயரத்தில் மேற்குப் பக்கமாகச் சாய்ந்தது. பையன்கள் குவளைகளைக் கால்வாய்க் கட்டையில் வைத்துவிட்டு எழுந்தார்கள்.